திருமணப் பதிவு, சான்றிட்ட நகல்: கேளுங்கள், சொல்கிறேன்

சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளை ஊர்ப் பெயரோடு போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

வேலூர்: திருத்தணி கோயிலில் கல்யாணம் முடிந்து 80 நாள் ஆகிறது. பதிவுக்குத் திருத்தணிக்கே போக வேண்டுமா?

வேண்டாம். 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் வந்தபோது, கல்யாணம் நடந்த எல்லையில்தான் பதிய முடியும் என்று இருந்தது. 2020-இல் அதைத் திருத்தி, மணமகனோ மணமகளோ குடியிருக்கும் எல்லையிலும் பதியலாம் என்று ஆக்கினார்கள். வேலூரிலேயே பதியுங்கள். ஆனால் 80 நாள் ஓடிவிட்டது என்பதுதான் எனக்குக் கவலை. 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு, ஆக மொத்தம் 150. அந்த இரண்டாவது கெடுவை நம்பி உட்காராதீர்கள்.

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்து, நாள் குறித்துக்கொண்டு, இரண்டு சாட்சிகளோடு இருவரும் போங்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது, வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ எல்லாம் வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் போதாது, அசலும் கையில் இருக்கட்டும்.

இனி சொல்வதுதான் முக்கியம். கையெழுத்துப் போடும் முன் பாஸ்போர்ட்டை மேசையில் திறந்து வைத்துக்கொண்டு, அச்சில் வந்த பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். தீபா என்ற பெயருக்கு ஓர் ஆவணத்தில் ஆங்கிலத்தில் இரண்டு ‘ஈ’ இருக்கும், இன்னொன்றில் ஒற்றை ‘ஐ’ இருக்கும். நமக்கு இரண்டும் தீபாதான், விசா அதிகாரிக்கு இரண்டு வேறு பெண்கள். இனிஷியலும் அப்படித்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தால் இங்கேயும் முழுதாகவே இருக்க வேண்டும். கல்யாணக் களைப்பில் ‘சரி சார்’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, விசா நேரத்தில் அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

திருநெல்வேலி: பத்திரிகை அடிக்கவில்லை, கோயிலில் எளிமையாக நடந்தது.

கோயில் தரும் ரசீதை வைத்து விண்ணப்பியுங்கள்.

கோயம்புத்தூர்: 2014-இல் பதிந்தோம், சான்றிதழ் தொலைந்துவிட்டது. கணவர் துபாயில் இருக்கிறார், எனக்கு விசாவுக்கு வேண்டும். போலீஸில் புகார் கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. உங்கள் கையில் இருந்தது பதிவேட்டிலிருந்து கொடுத்த தாள். பதிவேடு அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்து சான்றிட்ட நகல் வாங்கினால் போதும், சட்டப்படி அதற்கும் அதே மதிப்புதான். எந்த அலுவலகம், எந்த ஆண்டு, என்ன எண் என்று தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். பழைய ஜெராக்ஸோ மொபைலில் எடுத்த படமோ இருக்கிறதா என்று தேடுங்கள். எண் தெரியாவிட்டால் பெயரையும் தேதியையும் கொடுத்துத் தேடச் சொல்லலாம், அதற்குத் தேடுதல் கட்டணம் தனி. டிஎன்ரெஜிநெட்டிலும் விண்ணப்பிக்கலாம், நேரிலும் கேட்கலாம். அரசுக்குக் கட்டும் தொகை சிறியது. வாசலில் யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால், நேராக உள்ளே போய்க் கேளுங்கள்.

துபாய் என்பதால் இன்னொன்று. வெளிநாட்டில் நம் ஆவணத்தை ஏற்க வைக்கும் அப்போஸ்டில் முத்திரை, அதற்கான ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குத்தான் செல்லும். இந்தியாவில் அது 2005-இல் நடைமுறைக்கு வந்தது, அமீரகம் அதில் சேரவில்லை. ஆகவே உங்கள் நகல் மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அமீரகத் தூதரகம் என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் அந்தத் தாளின் மேலேயே முத்திரை விழும். பிளாஸ்டிக் மூடிய தாளில் எங்கே குத்துவார்கள்? லேமினேட் வேண்டாம் என்று சொல்வது இதற்குத்தான்.

சேலம்: கல்யாணம் ஆனது 2011-இல். இன்னும் பதியவில்லை. 150 நாள் போய்விட்டதே?

நீங்கள் இந்து என்றால் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின் கீழ் அதே அலுவலகத்தில் பதியலாம். மற்றவர்களுக்கு 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம், 15-ஆம் பிரிவு. 30 நாள் அறிவிப்பு உண்டு, மூன்று சாட்சிகள் வேண்டும். அதில் பதிந்தால் உங்கள் கல்யாணமே அந்தச் சட்டப்படி நடந்ததாகக் கருதப்படும். வாரிசுரிமையும் அதையொட்டி இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போகும். இஸ்லாமியத் தம்பதிகள் சொத்து விஷயத்தை வழக்கறிஞரிடம் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

ஈரோடு: 95 நாள் ஆகிவிட்டது.
தஞ்சாவூர்: 120 நாள், முடியுமா?
ஓசூர்: இன்றோடு 148.

மூவருக்கும் பதில் முதல் கேள்வியிலேயே இருக்கிறது. ஓசூர்க்காரர் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இப்போதே கிளம்புங்கள்.

சென்னை: அடுத்த வருடம்தான் கல்யாணம். அமெரிக்க விசாவுக்காக இப்போதே பதிந்து வைக்கலாம், ஒரு மணி நேர வேலை என்று ஒருவர் சொல்கிறார்.

செய்யாதீர்கள். நடக்காத கல்யாணத்தை நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கும் இதே மாதிரிதான். விமானிப் பயிற்சி முடித்த இருவர் சடங்கு எதுவும் இல்லாமல் சான்றிதழ் வாங்கிப் பதிவும் செய்திருந்தார்கள். இந்து திருமணச் சட்டப்படி அது திருமணமே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மதுரை: இதை ஏற்க மாட்டேன். அரசு முத்திரையை விடவா மேளமும் தாலியும் பெரிது? பெரியார் மண்ணில் இருந்துகொண்டு ஐயர் வேண்டும் என்கிறீர்களா?

ஐயர் வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. நம் மாநிலத்தில் அது தேவையில்லை என்று சட்டமே இருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-இல், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உறவினரோ நண்பரோ வேறு யாரேனுமோ முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். அதை ஊரறியச் செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வழக்கறிஞர் அறையில் நடந்தது செல்லாது என்ற 2014-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் அதோடு போயிற்று. வழக்கறிஞர்கள் தொழில்முறையில் நடத்தி வைக்கக் கூடாது, நண்பராக முன்னிலை வகிக்கலாம்.

மேளம் இல்லாமல் இருக்கட்டும், ஐயர் இல்லாமல் இருக்கட்டும். ஆனால் கல்யாணம் என்ற ஒன்று நடந்திருக்க வேண்டும். நடந்ததற்குச் சான்று தருவதுதான் பதிவு.

மதுரை, மறுபடியும்: அப்படியானால் வேறு வேறு மதத்தைச் சேர்ந்த என் நண்பர்கள் சார்பதிவகத்தில் செய்துகொண்டதும் கல்யாணம் இல்லையா?

அது கல்யாணமேதான். சிறப்புத் திருமணச் சட்டத்தில் கல்யாணமே அலுவலர் முன்னிலையில்தான் நடக்கிறது. மூன்று சாட்சிகள் பார்த்திருக்க, ‘உன்னைச் சட்டப்படியான கணவராக, மனைவியாக ஏற்கிறேன்’ என்று இருவரும் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முன் 30 நாள் அறிவிப்பு, இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, எல்லாம் உண்டு. இந்தச் சட்டப்படியான கல்யாணத்தை ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஓடி வந்து பயத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லித்தான் பணம் பறிக்கிறார்கள். பிறகு அந்தத் தாள் செல்லாது என்று தெரியவரும்போது அந்தப் பெண் யாரிடம் போய் நிற்பாள்? எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

நாகர்கோவில்: தேவாலயத்தில் பதிவாகி, சான்றிதழும் தந்துவிட்டார்கள். போதாதா?

2009 சட்டம் எந்த மதத்துக்கும் விலக்குத் தரவில்லை. தேவாலயச் சான்றை ஆதாரமாக வைத்துச் சார்பதிவகத்திலும் பதியுங்கள். ஜமாத் பதிவு வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்.

திருச்சி: சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து தப்பு. பேனாவால் திருத்தித் தருவார்களா?

நீங்களோ வேறு யாருமோ அந்தத் தாளைத் தொடக் கூடாது. பதிவேட்டில்தான் திருத்த வேண்டும். பதிந்த அலுவலகத்தில், சரியான பெயர் உள்ள ஆவணங்களோடு மனு கொடுங்கள். திருத்தம் ஏறிய பிறகு புதிதாகச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். லேமினேட் செய்யாமல்.

கடலூர்: பதிவு செய்தால் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் தானாக வந்துவிடுமா?

வராது. பெயர் மாற்றம் என்பது தனி வேலை, அதற்கு அரசிதழ் இருக்கிறது. மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

விழுப்புரம்: வில்லங்கச் சான்றில் தாத்தா பெயர்...

அது நிலப் பதிவு விஷயம், தனியாக எழுதுகிறேன்.

காரைக்குடி: நகல் எத்தனை வாங்கி வைக்கலாம்?

வெளிநாட்டு வேலை இருந்தால் இரண்டு. ஒன்று முத்திரைகளுக்குப் போகட்டும், ஒன்று வீட்டில் இருக்கட்டும். பதிவு எண்ணையும் ஆண்டையும் அலுவலகத்தின் பெயரையும் இருவரும் தனித்தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.