ஃப்ரீமாண்டில் 'டவுன்' எது?

தம்பி, கலிஃபோர்னியாவில் இருக்கும் ஃப்ரீமாண்டுக்குக் குடிவருகிறோம், மேப்பில் நாலைந்து இடத்தில் பழைய கடைத்தெரு தெரிகிறது, எதுதான் டவுன், எங்கே வீடு பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரே டவுன் என்று இல்லாததற்குக் காரணம் உண்டு. 1956 ஜனவரியில் சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஐந்து ஊர்கள் சேர்ந்துதான் ஃப்ரீமாண்ட் நகரமானது. தனித்தனியாக இருந்தால் பக்கத்து நகரங்கள் துண்டு துண்டாக இழுத்துக்கொள்ளும் என்ற பயம். நூவார்க் மட்டும் முந்தைய ஆண்டே தனி நகரமாகிவிட்டது. அதனால்தான் இன்றும் ஃப்ரீமாண்டின் நடுவில் தீவு மாதிரி நிற்கிறது.

மூத்தது மிஷன் சான் ஹோசே. ஒலோனி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த மண்ணில் 1797-இல் ஸ்பானியப் பாதிரிகள் தேவாலயம் அமைத்தார்கள். நைல்ஸை வளர்த்தது 1869-இல் மலை இடுக்கு வழியே வந்த ரயில். பிறகு அங்கே ஊமைப்பட ஸ்டுடியோ வந்தது, சாப்ளினும் 1915-இல் நடித்தார். இன்று பார்ட் (BART) மின்ரயில் ஸ்டேஷன் பக்கம் 'டவுன்டவுன்' என்பது பின்னால் வந்த ஏற்பாடு. ஆகவே வீடு பார்க்கும்போது 'ஃப்ரீமாண்ட்' என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தப் பகுதி என்று கேளுங்கள். ஜிப்கோடு (அஞ்சல் எண்) 94539 என்றால் மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் பக்கம். பள்ளிக்கூடத்துக்காகவே அங்கே வாடகை ஏறிக்கிடக்கிறது. நைல்ஸும் சென்டர்வில்லும் 94536. பள்ளி எல்லை ஜிப்கோடைப் பின்பற்றாது. கையெழுத்துப் போடுமுன் வீட்டு முகவரியைக் கொடுத்துப் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்ட அலுவலகத்திடமே உறுதி செய்யுங்கள்.

வரலாற்றில் வீட்டுக்காரர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. நிலநடுக்கம் உண்டாக்கும் ஹேவர்டு நிலப்பிளவு ஊருக்குள்ளேயே ஓடுகிறது. 1868 அக்டோபர் 21 நிலநடுக்கத்தில் மிஷன் சான் ஹோசேயின் பழைய தேவாலயம் இடிந்தது. இப்போது நிற்பது 1980-களில் கட்டிய மறுவடிவம். பெரிய குலுக்கல் இல்லாத நாளிலும் பிளவு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்கிறது. அது கடக்கும் சில தெருக்களில் நடைபாதை ஓரக்கல் ஒரே கோட்டில் இல்லாமல் விலகி நிற்பதைப் பார்க்கலாம். வீடு வாங்கும்போது பிளவு மண்டலத்தில் இருக்கிறதா என்று விற்பவர் எழுத்தில் சொல்லவேண்டும். வாடகைக்குப் போகிறவர்கள் மாநிலப் புவியியல் ஆய்வுத்துறையின் இணைய வரைபடத்தில் முகவரியைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சாதாரண வீட்டுக் காப்பீடோ வாடகையாளர் காப்பீடோ நிலநடுக்கச் சேதத்தை ஏற்காது, அது தனி பாலிசி.

வீடு பார்க்கப் போனால் கராஜில் வாட்டர் ஹீட்டரையும் பாருங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இரும்புப் பட்டை சுவரின் கட்டையோடு இறுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குலுக்கலில் சாய்ந்து கேஸ் குழாயைப் பிய்த்துவிடும். பட்டை இல்லையென்றால் குடிவருமுன் போட்டுத் தரச் சொல்லி வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள்.