மளிகைக் கணக்கில் ரிபேட்டை எங்கே எழுதுவது? – கேள்வி பதில்

அமெரிக்காவில் குடித்தனம் நடத்தும் நம் வீடுகளில் மாதக் கணக்கு போடும்போது அடிக்கடி இடறுகிற இடம் இந்த ரிபேட்தான், அதாவது வாங்கிய பிறகு விலையில் ஒரு பங்கு நமக்குத் திரும்பி வருவது. வருடக் கட்டணம் கட்டி உறுப்பினராகி வாங்கும் காஸ்ட்கோ கடை தரும் வருடாந்தர சர்டிபிகேட், கிரெடிட் கார்டு கேஷ்பேக், வீட்டுப் பராமரிப்புச் சாமான் கடையான மெனார்ட்ஸின் 11 சதவீதம், போன் ஆப்பில் சேரும் டாலர்கள் என்று பல வடிவங்களில் வருகிறது. இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே விதிதான்: கடையில் கொடுத்ததை அன்றே முழுசாக எழுதுங்கள். திரும்பி வருவதை, கைக்கு வந்த பிறகு மட்டும் எழுதுங்கள்.

எடிசனிலிருந்து ஒரு தங்கை: காஸ்ட்கோ எக்ஸிகியூட்டிவ் மெம்பர்ஷிப்பில் 120 டாலருக்கு ரிவார்டு சர்டிபிகேட் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் வருமானத்தில் சேர்க்கச் சொல்கிறார். நான் மளிகையில் கழிக்கலாம் என்கிறேன். யார் சொல்வது சரி அக்கா?

நீங்கள் சொல்வதுதான் சரி. வருஷம் முழுக்க நீங்கள் கொடுத்த விலையில் 2 சதவீதம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அமெரிக்க வருமான வரித் துறையே, பொருள் வாங்கியதற்காகக் கிடைக்கும் ரிபேட்டை விலைக் குறைப்பாகத்தான் பார்க்கிறது, வருமானமாக எடுத்துக்கொள்வதில்லை. வருமானத்தில் எழுதினால் அந்த 120 டாலர் ஓட்டல் செலவிலோ துணிமணியிலோ கரைந்துவிடும். மளிகைச் செலவோ உண்மையைவிட அதிகமாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பில் 210 டாலர், சர்டிபிகேட் போக கார்டில் தேய்த்தது 90 டாலர் என்று வையுங்கள். வெறும் 90 என்று எழுதினால், அந்த மாதம் ஏதோ சிக்கனமாக இருந்த மாதிரி தெரியும். மளிகைக் கணக்கில் செலவு 210 என்று ஒரு வரி, அதன் கீழே ரிவார்டு வரவு 120 என்று இன்னொரு வரி, இரண்டையும் எழுதுங்கள். மாதச் சராசரி வேண்டுமென்றால் ஒரு மாதத்தைப் பார்க்காமல் 12 மாதத்தையும் கூட்டி வகுத்துப் பாருங்கள்.

பலர் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது. எக்ஸிகியூட்டிவ் கட்டணம் வருஷத்துக்கு 130 டாலர், சாதாரண மெம்பர்ஷிப் 65 டாலர். 2024 செப்டம்பரில் உயர்ந்த கட்டணம் இது. அந்த 120-ஐப் பெற நீங்கள் கூடுதலாகக் கட்டியது 65. உண்மையான லாபம் 55 டாலர்தான். இந்தக் கட்டணத்தை நெட்ஃபிளிக்ஸோடு சேர்த்துச் சந்தா வரிசையில் எழுதுகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் வரவு மளிகையில் தெரியும், செலவு வேறெங்கோ ஒளிந்துகொள்ளும். கட்டணமும் மளிகைக் கணக்கிலேயே இருக்கட்டும்.

உங்களிடம் காஸ்ட்கோ விசா கார்டும் இருந்தால் அது வேறு கணக்கு. அதன் கேஷ்பேக் வருஷத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரி ஸ்டேட்மெண்டோடு வரும். அந்த வருஷம் டிசம்பர் 31-க்குள் மாற்றிவிட வேண்டும். அதில் பெட்ரோலுக்கும் ஓட்டலுக்கும் கிடைத்ததும் கலந்திருக்கும் என்பதால் மொத்தத்தையும் மளிகையில் கழிக்காதீர்கள்.

பிளேனோவிலிருந்து ஒரு தம்பி: நாங்கள் ரெண்டே பேர். எக்ஸிகியூட்டிவ் எடுத்தால் கட்டுப்படியாகுமா?

கூடுதல் 65 டாலரை 2 சதவீதத்தில் மீட்க வருஷத்துக்கு 3,250 டாலருக்குச் சாமான் வாங்க வேண்டும். மாதத்துக்குச் சுமார் 271 டாலர். பெட்ரோல் இதில் சேராது, ஃபுட் கோர்ட்டில் சாப்பிடுவதும் சேராது. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கான 2 சதவீதமும் கழிந்துவிடும். முதலில் சாதாரண மெம்பர்ஷிப்பிலேயே சில மாதம் வாங்கி, ரசீதுகளைக் கூட்டிப் பாருங்கள். 271-ஐத் தாண்டினால் மாறிக்கொள்ளலாம். தாண்ட வேண்டும் என்பதற்காக ரெண்டு பேருக்கு நாலு பேர் சாமான் வாங்க வேண்டாம் தம்பி. வாடிப்போன ஒரு பெரிய பை கீரை, மாத ரிவார்டையே தின்றுவிடும்.

சிகாகோ புறநகரிலிருந்து ஒருவர்: மெனார்ட்ஸில் சோப்புத்தூள், பேப்பர் டவல், நொறுக்குத்தீனி எல்லாம் வாங்குகிறோம். 11 சதவீத ரிபேட் உண்டு. அதை நம்பி பட்ஜெட்டையே 11 சதவீதம் குறைத்துப் போடலாமா?

போடாதீர்கள் சார். அந்த ரிபேட் உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவதில்லை. ரசீதையும் படிவத்தையும் அனுப்பி, சில வாரம் கழித்து, அதே கடையில் மட்டும் செல்லுபடியாகும் கிரெடிட்டாக வருகிறது. வாடகைக்கோ அரிசிக்கோ அதைக் கொடுக்க முடியாது.

அது முழு 11 சதவீதமும் இல்லை. 100 டாலர் ரொக்கமாகக் கொடுக்கிறீர்கள், பிறகு 11 டாலர் கிரெடிட் வருகிறது. மொத்தம் 111 டாலர் சாமானுக்கு 100 டாலர் கொடுத்திருக்கிறீர்கள். 11-ஐ 111-ஆல் வகுத்தால் 9.9 சதவீதம்தான். அதுவும் அந்த 11 டாலருக்கு நீங்கள் எப்படியும் வாங்கவிருந்த பொருளை வாங்கினால்தான். கிரெடிட் கையில் இருக்கிறதே என்று போய், தேவையில்லாத தோட்ட விளக்கை வாங்கினால் மிச்சம் ஒன்றுமில்லை.

கணக்கில் இதற்கு வரவு எழுத வேண்டாம். ஒரு கவரில் போட்டு, மேலே தேதியையும் தொகையையும் குறித்து வையுங்கள். பயன்படுத்தும் நாளில் கையிலிருந்து எவ்வளவு போனதோ அதை மட்டும் செலவாக எழுதினால் போதும். காஸ்ட்கோ சர்டிபிகேட்டுக்கு ரெண்டு வரி எழுதச் சொல்லிவிட்டு இதற்கு மட்டும் ஒரு வரியா என்று கேட்பீர்கள். அது வருஷத்துக்கு ஒரு முறை வரும் பெரிய தொகை, கணக்கையே சாய்த்துவிடும். இது சின்னச் சின்னதாக, அடிக்கடி வருவது. இதற்கெல்லாம் ரெண்டு வரி எழுத ஆரம்பித்தால் சீக்கிரமே கணக்கு எழுதுவதையே விட்டுவிடுவோம்.

ஹூஸ்டனில் மகன் வீட்டுக்கு வந்திருக்கும் ஓர் அம்மா: ஏம்மா, விலையைக் குறைக்கிறவன் அப்பவே குறைத்துக் கொடுக்க வேண்டியதுதானே? முழுசாக வாங்கிவிட்டு அப்புறம் எதற்குத் திருப்பித் தருகிறான்?

நல்ல கேள்வி அம்மா. இத்தனை கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

அவன் அப்படிச் செய்ய நாலு காரணம் உண்டு. பலகையில் எழுதின விலை இறங்குவதில்லை. நாளைக்கு ரிபேட்டை நிறுத்தினாலும் விலையை ஏற்றிவிட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டாவது, எத்தனையோ பேர் படிவம் அனுப்ப மறந்துவிடுவார்கள், ரசீதைத் தொலைப்பார்கள், கடைசி நாளைத் தவறவிடுவார்கள். அந்தப் பணம் கடையிடமே தங்கிவிடும். மூன்றாவது, கிரெடிட்டாகக் கொடுத்தால் அதைச் செலவழிக்க நாம் மறுபடியும் அதே கடைக்குத்தான் போக வேண்டும், போனால் இன்னும் நாலு சாமான் கூடைக்குள் விழும். கடைசியாக, அதுவரை நம் பணம் அவனிடம் இருக்கிறது.

இது தெரிந்துகொண்டால் ரிபேட்டை வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. ஒழுங்காக அனுப்பி வாங்குகிறவர்களுக்கு அது நிஜமான லாபம்தான். அனுப்பப் போவதில்லை என்று தெரிந்தால், அந்தப் பொருளுக்குப் பலகை விலைதான் உங்கள் விலை. பக்கத்துக் கடை விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சான் ஹோசேயிலிருந்து ஒரு தங்கை: அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) ப்ளூ கேஷ் ப்ரிஃபர்டு கார்டில் சூப்பர் மார்க்கெட்டுக்கு 6 சதவீதம் என்கிறார்கள். எல்லா மளிகையையும் அதில் வாங்கலாமா?

முடியாது. காஸ்ட்கோ கடைகளில் 2016 ஜூன் முதல் விசா கார்டுதான் எடுத்துக்கொள்கிறார்கள், அமெக்ஸ் ஓடாது. வால்மார்ட், டார்கெட் போன்ற பெரிய கடைகளை இந்தக் கார்டு சூப்பர் மார்க்கெட்டாகக் கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள் போகும் இந்தியக் கடையைக் கார்டு கம்பெனி எந்த வகையில் பதிந்திருக்கிறது என்பதை, முதல் தடவை சின்னதாக ஏதாவது வாங்கி, கேஷ்பேக் எவ்வளவு விழுந்தது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

6 சதவீதம் வருஷத்துக்கு 6,000 டாலர் வரைக்கும்தான், அதற்கு மேல் 1 சதவீதம். ஆக மளிகையில் அதிகபட்ச 6 சதவீதப் பலன் 360 டாலர். கார்டுக் கட்டணம் 95 போனால் 265. அதே கம்பெனியின் கட்டணமில்லாத ப்ளூ கேஷ் எவ்ரிடே கார்டு 3 சதவீதம் தருகிறது. இரண்டையும் ஒப்பிட்டால், சூப்பர் மார்க்கெட்டில் மாதம் 264 டாலருக்கு மேல் வாங்கினால்தான் கட்டணக் கார்டு முந்தும். நம் வீட்டு மளிகையில் பாதி காஸ்ட்கோவிலும் மீதி இந்தியக் கடையிலும் போய்விட்டால், அந்த 264-ஐத் தொடுவதே கஷ்டம்.

பில்லை மாதாமாதம் முழுசாகக் கட்டாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். கார்டு வட்டி சராசரியாக 20 சதவீதத்துக்கு மேல் போகிறது. 6 சதவீதம் வாங்கி 20 சதவீதம் கொடுப்பதில் எந்தக் கணக்கும் நிற்காது.

அட்லாண்டாவிலிருந்து ஒரு தம்பி: வாங்கிய சாமானுக்குக் கேஷ்பேக் தரும் ஐபாட்டா ஆப்பில் 14 டாலர் சேர்ந்திருக்கிறது. இந்த மாத பட்ஜெட்டில் சேர்க்கலாமா?

20 டாலர் சேர்ந்தால்தான் வெளியே எடுக்க முடியும். வங்கிக்கு வரட்டும், அப்புறம் மளிகையில் வரவு எழுதிக்கொள்ளலாம். ரசீதுக்குப் புள்ளி தரும் ஃபெட்ச் ஆப்பும் அப்படித்தான். 1,000 புள்ளி என்றால் பெரிதாகத் தெரியும், அதன் மதிப்பு சுமார் ஒரு டாலர்தான். இந்த ஆப்களில் சலுகை பெரும்பாலும் சீரியல், உறைய வைத்த பீட்சா, பாக்கெட் தின்பண்டங்களுக்குத்தான். துவரம்பருப்புக்கோ உளுந்துக்கோ தேடினால் கிடைப்பது அரிது. பட்டியல் போட்டு, வாங்கி வந்த பிறகு ஆப்பைத் திறங்கள். முதலில் ஆப்பைத் திறந்தால் பட்டியலை அது எழுத ஆரம்பித்துவிடும்.

ஆஸ்டினிலிருந்து: டார்கெட்டில் வீட்டுச் சாமான் வாங்கியதற்கு 10 டாலர் கிஃப்ட் கார்டு கொடுத்தார்கள். அதில் பையனுக்குச் சட்டை வாங்கிவிட்டேன். கணக்கில் எப்படி எழுதுவது?

துணிக் கணக்கில் 10 டாலர் செலவு, வீட்டுச் சாமான் கணக்கில் 10 டாலர் வரவு. பெரிய கிஃப்ட் கார்டு என்றால் இப்படி எழுதுங்கள். 10 டாலருக்காக ராத்திரி உட்கார வேண்டாம்.

ராலேயிலிருந்து ஒரு அண்ணன்: ரிபேட் கழித்த விலைக்குத்தானே விற்பனை வரி போட வேண்டும்? முழு விலைக்கும் போட்டிருக்கிறார்களே?

கடை தன் சொந்தக் கூப்பனில் அங்கேயே குறைத்தால், பெரும்பாலான மாநிலங்களில் குறைந்த விலைக்குத்தான் வரி. தயாரிப்பாளர் கூப்பன் என்றால் பொதுவாக முழு விலைக்கும் வரி உண்டு, ஏனென்றால் குறைத்த தொகையைக் கம்பெனி கடைக்குக் கொடுத்துவிடுகிறது. பின்னால் தபாலில் வரும் ரிபேட்டுக்காகப் பில்லில் உள்ள வரி குறையாது. அதனால் செலவு எழுதும்போது வரியோடு சேர்ந்த கடைசித் தொகையையே எழுதுங்கள் அண்ணா, ரிபேட் வரும் நாளில் வந்ததை மட்டும் வரவு வையுங்கள்.