தள்ளலும் இழுவையும்: சிறு பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது? (கேள்வி பதில்)

கேள்வி: நாலு வயதுப் பிள்ளைக்கு ‘விசை’ என்ற சொல்லையே சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் கடைசியில். முதலில் கை உணரட்டும். ஓர் அட்டைப்பெட்டியில் நாலைந்து புத்தகங்களை வைத்து, முன்பக்கம் கயிறு கட்டுங்கள். பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, பெட்டியைத் தள்ளிவிடச் சொல்லுங்கள். பிறகு கயிற்றைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். “பெட்டி உன்னை விட்டுப் போச்சா, உன்கிட்ட வந்துச்சா?” இந்த ஒரு கேள்வி போதும். உட்காரவைப்பது முக்கியம். நடந்துகொண்டே தள்ளினால் இருவருக்கும் நடுவே இடைவெளி மாறாது, கேள்வி குழப்பிவிடும்.

அடுத்து, அதே கயிற்றால் பெட்டியைத் தள்ள முடிகிறதா என்று பார்க்கட்டும். கயிறு தொய்ந்து சுருளும், பெட்டி அசையாது. கயிறு இழுக்க மட்டுமே உதவும் என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். இரண்டு நாள் விளையாடிய பிறகு, “தள்ளுறது, இழுக்கிறது ரெண்டுக்கும் சேர்த்து விசைன்னு பேர்” என்றால் சொல் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: தூக்குவது தள்ளலா, இழுவையா? படங்களைப் பிரித்து ஒட்டும்போது வகுப்பில் இதற்கே வாக்குவாதம்.

கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாளியைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கினால் இழுவை. தட்டின் அடியில் உள்ளங்கை கொடுத்து உயர்த்தினால் தள்ளல். உதைப்பதும் எறிவதும் தள்ளல்தான். பாட்டில் மூடியைத் திருகும்போது விரல்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் விசை கொடுக்கின்றன. அதை இரண்டில் ஒன்றாக அடைக்கச் சொல்லாதீர்கள். ‘பேசிப் பார்க்கணும்’ என்று மூன்றாவது கட்டம் ஒன்று வையுங்கள். நல்ல பேச்சு அங்கேதான் நடக்கும்.

கேள்வி: சுவர் நகராததால் “நான் தள்ளவே இல்லை” என்கிறாள் மகள்.

பிசைந்த மாவைச் சுவரில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். சுவர் அப்படியே இருக்கும், மாவு நசுங்கும். விசை பொருளை நகர்த்தத்தான் வேண்டும் என்றில்லை, உருவத்தையும் மாற்றும்.

கேள்வி: சாய்பலகையில் பொம்மை காரை விட்டு தூரம் அளந்தோம். ஒவ்வொரு தடவையும் வேறு அளவு வருகிறது.

பெரும்பாலும் காரணம் கைதான். காரை விடும்போது பிள்ளைகள் தெரியாமலே ஒரு தள்ளு கொடுத்துவிடுவார்கள். 60 செ.மீ. பலகையின் ஒரு முனையை முதலில் 5 செ.மீ., பிறகு 10 செ.மீ. உயர்த்துங்கள். மேலே கோடு போட்டு, முன்சக்கரங்களைக் கோட்டில் நிறுத்தி, எதிரே ஸ்கேலைக் குறுக்காகப் பிடியுங்கள். காரைத் தொடாமல், ஸ்கேலைச் சட்டென்று மேலே எடுங்கள்.

பலகை தரையைத் தொடும் இடத்தில் படி மாதிரி இருந்தால் கார் துள்ளும். மெல்லிய அட்டையை வைத்து டேப் ஒட்டி மூடுங்கள். ஒரு பக்கமாகவே ஓடினால் சக்கர அச்சில் முடி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று தடவை விட்டு, நடுவில் வரும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணத் தெரியாத பிள்ளைகள் ஓடிய தூரத்துக்கு நூலை வெட்டித் தாளில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டட்டும். உயரத்தை மாற்றும்போது தரையை மாற்றக் கூடாது. துண்டு விரித்துப் பார்ப்பது தனிச் சோதனை.

கேள்வி: பந்து ஏன் நின்றது என்றால் “விசை தீர்ந்துபோச்சு” என்கிறார்கள். சரியா?

தவறு, அதைத் தலையாட்டி ஏற்றுவிடாதீர்கள். பெட்ரோல் மாதிரி விசை பந்துக்குள் சேர்ந்திருப்பதில்லை. கால் பந்தை விட்டதும் காலின் தள்ளல் முடிந்தது. பிறகு பந்தை மெதுவாக்குவது பெரும்பாலும் தரை. அதே சாய்பலகையில் பந்தை உருட்டி, கீழே வழவழப்பான தரையிலும் துண்டின்மீதும் ஓடவிடுங்கள். துண்டில் சீக்கிரம் நிற்கும். “எது பிடிச்சு நிறுத்துச்சு?” என்று கேட்டால் பதில் பிள்ளையிடமிருந்தே வரும்.

கேள்வி: காந்தம் காட்டலாமா?

கட்டாயம். தொடாமலே தள்ளவும் இழுக்கவும் முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. இரண்டு பெரிய வளையக் காந்தங்களைப் பென்சிலில் கோத்தால், ஒத்த முனைகள் எதிரெதிரே வரும்போது மேலது மிதக்கும். சிறு பொத்தான் காந்தங்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடல் சுவர்களை நடுவில் கவ்விக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். விழுங்கிய சந்தேகம் இருந்தாலே, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.