இந்தியக் குச்சிப்பூச்சிக்கு ஹீட்டர் வேண்டுமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறோம். மகன் பள்ளியிலிருந்து ஆறு குச்சிப்பூச்சிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தான், இந்தியக் குச்சிப்பூச்சி என்று டீச்சர் சொன்னாராம். போன மாதம் அவன் பிறந்தநாளுக்கு ஒரு ஆப்பிரிக்கக் கும்பிடுபூச்சியும் வாங்கிக் கொடுத்தோம், இன்னும் குஞ்சுதான். இரண்டும் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. குளிர் தொடங்கிவிட்டது, ராத்திரி ஹீட்டிங்கை அணைத்துவிடுவோம். கடையில் பல்பு, செராமிக் ஹீட்டர், ஹீட் மேட் (பெட்டியில் ஒட்டுகிற, கரண்ட்டில் சூடாகும் விரிப்பு) என்று மூன்றைக் காட்டி, இரண்டு பெட்டிக்குமே வேண்டும் என்கிறார்கள். எதை வாங்குவது? கரண்ட் பில் எகிறுமா?

பதில்: குச்சிப்பூச்சிப் பெட்டிக்கு ஒன்றும் வாங்காதீர்கள். 'இந்திய' என்ற பெயரைப் பார்த்ததும் சூடு கேட்கும் என்று கடையில் நினைத்துவிடுகிறார்கள், ஆனால் இது நம்ம கொடைக்கானல் பக்கத்துப் பூச்சி, செண்பகனூரில் பிடித்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்து 1901-இல் அறிவியல் பெயர் வைத்தார்கள், அந்த மலைக்குளிர் அதற்குப் பழக்கம்தான். 18 முதல் 22 டிகிரி இருக்கிற சாதாரண வீட்டு அறை போதும், ராத்திரி இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலும் தாங்கும். ஜன்னலோரக் குளிர்காற்று படாத இடத்தில் பெட்டியை வைத்து, பிளாக்பெர்ரி முட்செடி (bramble) இலையும் தெளிக்கத் தண்ணீரும் கொடுங்கள்.

கும்பிடுபூச்சி விஷயம் வேறு. ஆப்பிரிக்க இனத்துக்குப் பகலில் 25 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் ஒழுங்காகச் சாப்பிட்டு வளரும், ராத்திரி 18-க்குக் கீழே போகவிடக் கூடாது. ஆனால் ஹீட்டர் வாங்குவதற்கு முன்னால் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள், அதிகபட்சம் குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வகை. பெட்டிக்குள் இரண்டு ராத்திரி வைத்துப் பாருங்கள். எத்தனை டிகிரி குறைகிறது என்று தெரியாமல் ஹீட்டர் வாங்குவது, கால் அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

குறைகிறது என்றால் உங்களுக்குத் தேவை ஒரு சின்ன ஹீட் மேட், அதோடு கட்டாயம் ஒரு தெர்மோஸ்டாட், அதாவது வைத்த டிகிரியைத் தொட்டதும் மேட்டைத் தானாக நிறுத்துகிற கருவி. தெர்மோஸ்டாட்டுக்குக் காசு போதவில்லை என்றால் மேட்டையும் வாங்காதீர்கள், காசு சேரும்வரை அறையையே கொஞ்சம் சூடாக வைத்துக்கொள்ளலாம். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. முதல் வருஷம் நான் ஒரு மேட் வாங்கி, அட்டையில் போட்டிருந்த படத்தைப் பார்த்து பெட்டிக்கு அடியில் ஒட்டினேன், தெர்மோஸ்டாட் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் அடியிலிருந்த தேங்காய்நார்த் தூள் வெளிறிக் காய்ந்து கண்ணாடியை விட்டு விலகி நின்றது. தோல் உரிக்க மூடியில் தலைகீழாகத் தொங்கிய கும்பிடுபூச்சி பாதியிலேயே நின்றுபோயிருந்தது, முன்னங்கால்கள் இரண்டும் பழைய தோலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தன. அன்று மாலையே செத்துவிட்டது. காற்றில் ஈரம் போனால் தோல் கழலாது, அவ்வளவுதான் விஷயம்.

அதனால் மேட்டை அடியில் ஒட்டாமல் பக்கச் சுவரில் வெளிப்புறமாக ஒட்டுங்கள், அந்தச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைக்க வேண்டாம், எதிர்ப்பக்கம் குளிர்ந்தே இருக்கட்டும், பூச்சிக்குச் சூடு போதும் என்று தோன்றினால் அங்கே நகர்ந்துகொள்ளும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை உள்ளே, சூடான பக்கத்தில், பூச்சி உட்காரும் உயரத்தில் இறுக்கமாகப் பொருத்துங்கள். அது கழன்று வெளியே விழுந்தால் அறைக் குளிரை அளந்துகொண்டு மேட்டை நிறுத்தாமல் ஓடவிடும், நிறைய விபத்து இப்படித்தான் நடக்கிறது. மேட் போட்டபிறகு தண்ணீர் தெளிப்பதையும் கொஞ்சம் கூட்டுங்கள்.

பல்பு வேண்டாம். கும்பிடுபூச்சி மூடியில்தான் தொங்கும், பல்பும் அங்கேதான் இருக்கும், கால் சுட்டுப்போகும். செராமிக் ஹீட்டர் தொட முடியாத அளவுக்குக் காய்கிறது, உங்கள் சின்னப் பெட்டிக்கு அது தேவையே இல்லை.

கரண்ட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 7 வாட் மேட் 24 மணி நேரமும் ஓடினால்கூட 0.17 யூனிட்தான் ஆகும், தெர்மோஸ்டாட் இருந்தால் அதிலும் குறையும். ஒரு 1500 வாட் அறை ஹீட்டரை ஒரு மணி நேரம் போடுகிற செலவில் இந்த மேட் ஏறக்குறைய ஒன்பது நாள் ஓடும்.

வாங்கும்போது, பெயர் தெரியாத மேட் இரண்டு முள் பிளக்கோடும் ஒரு அடாப்டரோடும் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மூன்று முள் பிளக்கும் அதற்குள் 3 ஆம்பியர் ஃபியூஸும் இருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம், பிரிட்டனின் 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிமுறைகள் அந்த உரிமையைத் தருகின்றன. ஆனால் கண்ணாடியில் ஒட்டிக் கிழித்த மேட் என்றால் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள், ஆகவே அளவு சரியா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். பழுதான பொருள் என்றால் கடையில் வாங்கியிருந்தாலும் 30 நாளுக்குள் முழுப் பணத்தையும் கேட்கலாம், அது 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம். பழுதில்லாத பொருளை நேரில் வாங்கிவிட்டு மனசு மாறினால் மட்டும் கடையின் தயவுதான், ரசீது வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது வலைக்கூண்டு. அதிலும் மேட் ஒட்டலாமா?

பதில்: ஒட்டிப் பயனில்லை, வலை வழியாகச் சூடு அப்படியே வெளியே போய்விடும். பல்பைப் பக்கத்தில் கொண்டுபோனால், பிளாஸ்டிக் வலை என்றால் உருகிவிடும். குளிர்காலத்துக்கு மட்டும் பூச்சியைக் கண்ணாடிப் பெட்டிக்கு மாற்றுங்கள், மேலே மட்டும் வலைமூடி இருக்கட்டும். மேட்டைப் பொருத்தி இரண்டு நாள் வெறும் பெட்டியாக ஓடவிட்டு, தெர்மாமீட்டர் நிலையாக நின்றபிறகு பூச்சியை உள்ளே விடுங்கள்.