எதற்கு நல்லது?

அன்புள்ள ஐயா,
அயர்லாந்தில் கார்க் நகரத்துக்குப் பக்கத்தில் வேலை. ஜூலை வந்தால் இங்கே ஈரமான புல்வெளி ஓரமெல்லாம் மெடோஸ்வீட் நுரை நுரையாகப் பூக்கிறது. ரோஜாக் குடும்பமாம். ஆஸ்பிரின் இதிலிருந்துதான் வந்தது என்கிறார்கள். காயவைத்து, ஊரில் மூட்டுவலியோடு இருக்கும் அம்மாவுக்கு டீ போட அனுப்பலாமா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இந்தச் செடி வேறு எதற்கெல்லாம் நல்லது?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அனுப்பாதீர்கள். அந்தச் செடியில் ஆஸ்பிரினுக்கு உறவான சாலிசிலேட் என்ற பொருள் இருக்கிறது. அம்மாவின் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். மூலிகைதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். டாக்டரைக் கேளுங்கள்.

ஆஸ்பிரின் கதை பாதி உண்மை. 1897இல் பேயர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் அதைச் செய்தபோது பூவைப் பிழிந்து செய்யவில்லை. செடியின் பழைய லத்தீன் பெயரான ஸ்பைரியா மருந்தின் பெயரில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் உங்கள் கடைசி வரியில். போன மாதம் நர்சரியில் மரிக்கொழுந்து வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர், "சுகருக்குக் கேக்குமா?" என்றார். என் அத்தை கொல்லையில் அதை வளர்த்தார். சாயங்காலம் ஒரு கொத்து கிள்ளி கனகாம்பரத்தோடு வைத்துக் கட்டுவார். அந்த வீட்டில் எந்த வியாதிக்கும் அதை அரைத்ததாக நினைவில்லை. இப்போது எந்த இலையைப் பார்த்தாலும் மருந்துச்சீட்டு எழுத ஆரம்பித்துவிடுகிறோம். கண்ணும் மூக்கும் எதற்கு இருக்கின்றன?

உங்கள் மெடோஸ்வீட்டையே பாருங்கள். 1597இல் ஜெரார்ட் என்ற ஆங்கிலேயர் தன் மூலிகை நூலில், கோடையில் வீட்டுத் தரையில் வாசத்துக்குப் பரப்ப இதை மிஞ்சிய இலையில்லை என்கிறார். முதலாம் எலிசபெத் ராணிக்கும் தன் அறைகளில் பரப்ப இதுதான் பிடிக்குமாம். தேன்மதுவிலும் பீரிலும் மணத்துக்குப் போட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் ஃபோர்டேவியட் என்ற ஊரில் வெண்கலக் காலக் கல்லறை ஒன்றைத் தோண்டினார்கள். கத்தியோடு புதைக்கப்பட்டவர் பக்கத்தில் இந்தப் பூக்கொத்தின் மிச்சம் கிடந்தது. சுமார் 4000 ஆண்டுப் பழசு. செத்தவருக்கு மூட்டுவலி என்றா வைத்தார்கள்?

சரி, திட்டிவிட்டேன். வெளிநாட்டு ரோட்டோரத்தில் ஒரு பூவைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வருகிற பிள்ளை நீங்கள், அதனால்தான் இவ்வளவும். பூவை போட்டோ எடுத்து அனுப்புங்கள், அம்மாவுக்கு அது போதும். அப்புறம் ஒரு வேலை: பூவுக்கு ஒரு வாசம், இலையைக் கசக்கினால் வேறொரு வாசம் என்கிறார்கள். இரண்டையும் முகர்ந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.