குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைவதையே தொழிலாக வைத்து, மலை ஊரில் இருந்துகொண்டே பிழைக்க முடியுமா?

முடியும். கோத்தகிரியில் இருந்துகொண்டு நான் அதைத்தான் செய்கிறேன். ஆனால் புத்தகப் படம் மட்டுமே சோறு போடும் என்று நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். பத்திரிகைப் படம், பயிற்சி நூல் படம், பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு என்று பக்கத்தில் வேறு வருமானமும் ஓட வேண்டும். எனக்கு இன்றும் ஓடுகிறது.

ஊர் ஒரு தடையே இல்லை. தூலிகா, தாரா போன்ற பதிப்பகங்கள் சென்னையில் இருக்கின்றன. கதை மின்னஞ்சலில் வந்துவிடும். முதலில் மொத்தப் புத்தகத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களில் பென்சிலால் போட்டு அனுப்ப வேண்டும். திருத்தம் சொல்வார்கள். வண்ணம் அதற்குப் பிறகுதான். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடிப்பதால் பக்கங்கள் 8, 16 என்ற கணக்கில்தான் வரும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம் போட்டால் நடு மடிப்பில் யார் முகமும் விழக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே தாள் நமுத்துப்போகும், வாட்டர்கலர் லேசில் காயாது. அதைச் சமாளிக்கப் பழகிக்கொள்ளலாம்.

மலையில் இருப்பதால் கிடைக்கும் பெரிய லாபம், நேரில் பார்த்து வரைய முடிவது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை படத்தைத்தான் படிக்கிறது. அம்மா கதையை வாசித்து முடிப்பதற்குள் அதன் கண் மூலைமுடுக்கெல்லாம் போய் வந்துவிடும். நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். முன்னால் எஞ்சின் இழுப்பதாக வரைந்தால் குன்னூர்ப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே சாக்ஸ் போட்டது போல வெளுப்பாக இருக்கும். கருமந்திக்கு உடம்புதான் கருப்பு, தலை பழுப்பு. இதையெல்லாம் விட்டுவிட்டால் அது வேறு ஏதோ ஒரு மாடு, வேறு ஏதோ ஒரு குரங்கு.

ஒரு கதைக்கு வந்த குறிப்பில் 'மலைக் கிராமம், பின்னணியில் தென்னை மரங்கள்' என்று இருந்தது. நான் எங்கள் பக்கத்து ஹட்டியின், அதாவது படுகர் கிராமத்தின், போட்டோக்களை அனுப்பினேன்: சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், தேயிலைச் சரிவு, நடுநடுவே சில்வர் ஓக், வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாத பிள்ளைகள். குறிப்பை மாற்றினார்கள். புத்தகம் வந்ததும் இங்கே ஒரு பள்ளியில் காட்டினேன். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படுதாவில் விரலை வைத்து, "எங்கம்மாவும் இப்டித்தான் கட்டும்" என்றாள். கதையில் அந்தப் படுதாவைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. இந்த வேலையை நான் விடாமல் செய்வது இதற்காகத்தான்.

பணத்தைவிட முக்கியமாக இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, அட்டையில் எழுத்தாளர் பெயரோடு உங்கள் பெயர். தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமாதித்தனை அம்புலிமாமா படித்த எல்லோருக்கும் தெரியும். அதை வரைந்த சங்கர் 1952-இல் அங்கே சேர்ந்து பல பத்தாண்டுகள் வரைந்தவர். பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2021-இல், அவர் மறைந்த மறு ஆண்டு. படத்தைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இரண்டாவது, எழுத்தில் ஒப்பந்தம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். எனவே உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த மொழிப் பதிப்புக்கு, மறுபதிப்புக்கு என்ன தொகை என்பதெல்லாம் முதல் கோடு இழுக்கும் முன்பே தாளில் இருக்கட்டும். கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பயப்படாதீர்கள். நல்ல பதிப்பகம் கோபித்துக்கொள்ளாது.

மாதிரிப் படங்கள் அனுப்பும்போது தனித்தனி அழகான காட்சிகளைவிட, ஒரே குழந்தை ஓடுவது, முறைப்பது, தூங்குவது, மழையில் நனைவது என்று வரைந்து அனுப்புங்கள். பதிப்பாசிரியர்கள் முதலில் பார்ப்பது, பக்கம் மாறினாலும் அது அதே குழந்தையாக இருக்கிறதா என்பதைத்தான்.