விட்டுப்போன வாரம்: கேள்வி பதில்

போன ஞாயிறு மாலை குடியாத்தத்தில் இருபது பேர் போல உட்கார்ந்து பேசினோம். கதை படித்துக்கொண்டிருந்தவர் எப்படி எழுத வருகிறார் என்பதுதான் பேச்சு. நான் கைலித் தறியில் இருந்து கதைக்கு வந்தவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். அன்று சொன்னதையும், பிறகு நினைவு வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

சார், நானும்தான் நிறையப் படிக்கிறேன். எழுதணும்னு உங்களுக்கு எப்போது தோன்றியது? (கல்லூரி மாணவி, காட்பாடி)

எழுபதுகளில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைப்பார்கள். உங்கள் பாட்டியைக் கேட்டால் தெரியும். எங்கள் தெருவில் ஒரு டீச்சர் வீட்டில் அப்படி ஒரு அலமாரியே இருந்தது. ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். நாற்பது வாரக் கதையில் இருபத்து மூன்றாவது வாரம் மட்டும் இல்லை. இருபத்திரண்டில் அண்ணன் தம்பி ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள், இருபத்து நான்கில் முகம் பார்த்துப் பேசுவதில்லை. நடுவில் என்ன ஆச்சு?

தறியில் உட்கார்ந்தால் கை தானாக ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தள்ளும், மனசுக்கு வேலை இருக்காது. மூன்று நாள் அந்த வாரத்தை நானே மனசில் எழுதினேன். பக்கத்தில் ராட்டையில் நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் கதை மாதிரி சொன்னேன். அவள் ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

பல வருடம் கழித்து அதே கதை புத்தகமாகக் கிடைத்தது. சண்டைக்கு அதை எழுதியவர் வைத்திருந்த காரணம் வேறு. என்னுடையதுதான் எனக்குப் பிடித்திருந்தது! திமிர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எழுத வந்தது அந்தத் திமிரால்தான்.

எது எழுதினாலும் எனக்குப் பிடித்த எழுத்தாளர் மாதிரியே வருகிறது. காப்பி என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். (ஷூ கம்பெனி ஊழியர், பேரணாம்பட்டு)

வரட்டும் தம்பி. நடை ஒட்டிக்கொள்வது தப்பில்லை, பத்துக் கதை போனால் தானாக உதிரும். ஆனால் அவர் பார்த்ததையே நீங்களும் பார்த்த மாதிரி எழுதினால் சிக்கல். என் முதல் கதையில் ஒரு பெரியவர் திண்ணையில் ஈஸிசேரில் சாய்ந்து ஃபில்டர் காபி குடிப்பார், பின்னால் காவிரி ஓடும். அப்போது நான் காவிரியையும் பார்த்ததில்லை, ஃபில்டரையும் பார்த்ததில்லை. அக்கா கேட்டுவிட்டு, "இந்த ஊரு எங்கடா இருக்குது?" என்றாள். பத்திரிகைக்கும் அனுப்பினேன், திரும்பி வந்தது. அவர்கள் காரணம் சொல்லவில்லை. அக்கா ஏற்கனவே சொல்லிவிட்டாள்.

உங்கள் கம்பெனியில் சைரன் அடித்ததும் பெண்கள் டிபன் டப்பாவோடு பஸ்ஸுக்கு ஓடுவார்களே, அதை உங்கள் ஆதர்ச எழுத்தாளர் பார்த்திருக்க வழியில்லை. அதில் ஆரம்பியுங்கள்.

தஞ்சாவூர், நெல்லை என்றால் படிப்பார்கள். நம்ம ஊரில் எழுத என்ன சார் இருக்கிறது? வெயிலும் காய்ந்த ஆறும்தான். (அரசு ஊழியர், ராணிப்பேட்டை)

ராணிப்பேட்டையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! 1912இல் பிறந்த எழுத்தாளர் மு. வரதராசனின் சொந்த ஊரான வேலம் உங்களுக்குப் பக்கத்து ஊர். திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தவர், உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டு, தானாகப் படித்து வித்துவான் தேர்வு எழுதியவர். 1961இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய அவருடைய 'அகல் விளக்கு' நாவல் வாலாஜாவில்தான் தொடங்குகிறது. பாலாறு வருகிறது.

அதில் இடையிடையே வரும் அறிவுரை எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பதினேழு வயதில், அச்சில் வாலாஜாவைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. அதுவரை நாவல் என்றால் வேறு ஊர்க்காரர்களுக்கு நடப்பது என்று நினைத்திருந்தேன். வாலாஜா வரலாம் என்றால் எங்கள் தறிக்குழியும் வரலாம்தானே? இன்னொன்று, புத்தகத்துப் பாலாற்றில் தண்ணீர் ஓடியது. நான் பார்த்த பாலாற்றில் மணல் வண்டிகள் ஓடின. அந்த வித்தியாசமே ஒரு கதை, இல்லையா? அப்புறம், பேரணாம்பட்டுக்காரரான எழுத்தாளர் அழகிய பெரியவனையும் படியுங்கள். வெயிலும் காய்ந்த ஆறும் போதாது என்று பிறகு சொல்லமாட்டீர்கள்.

'வந்துகினு இருந்தான்', 'இன்னா', 'அப்பால' என்று எழுதினால் சென்னைத் தமிழ் என்கிறார்கள். (குடியாத்தம்)

சொல்லிவிட்டுப் போகட்டும். நம் வடாற்காட்டு வாயிலும் அது காலகாலமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் மசாலா தூவாதீர்கள். கதை சொல்கிறவர் சாதாரணமாகச் சொல்லட்டும், ஆட்கள் வாய் திறக்கும்போது மட்டும் ஊர் கேட்கட்டும். எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். படிக்கும்போது நாக்கு தடுக்கினால் அந்த இடம் பொய்.

வீட்டில் உருது பேசுகிறோம். படிப்பது மட்டும் தமிழ். நான் தமிழில் எழுதினால் சரியாக வருமா, பாய்? (இல்லத்தரசி, வாணியம்பாடி; என்னைப் பாய் என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டோம்)

தாராளமாக வரும் அம்மா. எங்கள் வீட்டில் தெலுங்கு. அக்கா திட்டுவது தெலுங்கில், கொஞ்சுவது தமிழில். உங்கள் சமையலறையில் அம்மாவும் மாமியாரும் உருதுவில் பேசியதை நீங்கள் தமிழில் எழுதும்போது ஒரு நொடி நின்று சொல் தேடுவீர்கள். ஒரே மொழிக்காரருக்கு அந்தத் தேடல் இல்லாததால் பழகிய சொல்லையே போட்டுவிட்டுப் போய்விடுவார். தமிழில் கிடைக்காவிட்டால் உருதுச் சொல்லையே போடுங்கள். வாக்கியத்தில் வைத்துப் படித்தால் புரிந்துவிடும்.

எழுதுவதற்கு முன் எத்தனை புத்தகம் படித்திருக்க வேண்டும்?

கணக்குக் கிடையாது. பிடித்ததை இரண்டாம் தடவை படியுங்கள். முதல் தடவை கதை தெரியும், இரண்டாம் தடவை அதை எப்படிக் கட்டினார்கள் என்பது தெரியும்.

நான் ஒரு கதை எழுதியிருக்கேன். படிச்சுப் பார்ப்பீங்களா தாத்தா? (ஒன்பதாம் வகுப்பு, பள்ளிகொண்டா)

கொண்டா. ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பாதே, என் கண்ணுக்கு ஆகாது. கோடு போட்ட நோட்டில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுது. விட்ட வரியில் நான் பென்சிலில் கேள்வி கேட்பேன்.